‘உள்ளேன் ஐயா’ ஒலிக்காத பத்தொன்பது மாதங்கள்

2025-26 கல்வியாண்டில் தமிழக அரசுப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர், 2020-21-இல் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டவர்கள். சேர்க்கப்பட்டார்களே தவிர, அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. 2021 நவம்பர் 1 அன்று வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது, ஏட்டளவில் அவர்கள் இரண்டாம் வகுப்பு மாணவர்கள். அதே 2020-21-இல் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். அல்லது பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்.

பெருந்தொற்றுக் காலக் கல்வியை முடிந்துபோன கதையாகக் கருதும் போக்கு பரவலாக இருக்கிறது. அது முடியவில்லை. அன்று வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கிய தலைமுறை இன்று நடுநிலைப் பள்ளியின் வாசலில் நிற்கிறது. அந்தக் காலம் இவர்களிடமிருந்து எதைப் பறித்தது, எதைத் திருப்பித் தந்திருக்கிறோம், எதை இன்னும் தரவில்லை என்ற கணக்கைப் பார்க்க இதுவே தக்க தருணம்.

இந்தக் கணக்கைச் சென்னையிலிருந்து பார்ப்பதும் குண்டடத்திலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. தாராபுரம் - பல்லடம் சாலையில் உள்ள குண்டடமும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் திருப்பூர் மாவட்டத்தின் வறண்ட பகுதியைச் சேர்ந்தவை. பரம்பிக்குளம் - ஆழியாறு பாசன நீர் எட்டும் இடங்களில் தென்னையும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. எட்டாத இடங்களில் ஆடு மேய்கிறது, காற்றாலை சுழல்கிறது. வேளாண்மை மட்டும் குடும்பத்தைத் தாங்காது என்பதால், விடியற்காலையில் கம்பெனி வேன்களும் பேருந்துகளும் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர், பல்லடம், காங்கேயம் பக்கம் போகின்றன. எஞ்சியவர்களில் பலர் நூற்பாலைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் போகிறார்கள். கிராமத்தில் குடியிருந்து தொழிற்சாலை நேரத்தில் வாழும் மக்கள் இவர்கள்.

கைப்பேசி வேலைக்குப் போன வீடுகள்

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், பொதுமுடக்கத்தின் பெரும் பகுதியை இப்பகுதியிலுள்ள எங்கள் ஊரில் கழித்தேன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டுச் சிறுமி அப்போது ஏழாம் வகுப்பு. அவளுடைய தாய் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். முதல் முடக்கம் தளர்ந்து கம்பெனிகள் இயங்கத் தொடங்கியதும், தாய் காலை ஏழு மணிக்கு வேன் ஏறுவார். ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டும். வீட்டில் இருந்த ஒரே திறன்பேசி அவரோடு போய், அவரோடு திரும்பியது.

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் காலை பத்து மணிக்குக் கணக்குப் பாடம் வரும். ஒருநாள் மாலை திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த அவளிடம், “இன்றைக்குப் பாடம் வரவில்லையா?” என்று கேட்டேன். “கணக்கு வந்துருச்சுங்கய்யா, போனுதான் இன்னும் வரலைங்க” என்றாள். இரவு தாய் வந்து, சமைத்து, உண்டு முடித்த பிறகு, அன்றைய செய்திகளைத் திறந்து பார்ப்பாள். படத்தில் உள்ள விடைகளை அப்படியே நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் படமெடுத்து அனுப்புவாள். அதை யாரும் திருத்தி அனுப்பியதில்லை. ஒரு பச்சை நிறக் குறி மட்டும் வரும். சில வாரங்களில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு பொருளியல் ஆசிரியனாக என்னை உறுத்தியது கடைசிச் செய்திதான். கைப்பேசி இல்லாதது ஒரு பற்றாக்குறை. பணம் செலவழித்தால் அது தீரும். ஒரு குழந்தை படிப்பதை நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு வகைப்பட்ட இழப்பு.

யாரை மனத்தில் வைத்து எழுதிய விதிகள்?

அன்றைய விதிமுறைகள் தீய நோக்கத்தோடு எழுதப்பட்டவை அல்ல. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல்கள், எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடங்கள் என்று வரம்பு விதித்தன. திரைக்கு முன் குழந்தைகள் சோர்ந்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, 2020 ஜூலை முதல் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. இணையம் இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சி உண்டு என்பதால் அது விவேகமான முடிவே.

ஆனால், இவ்விரண்டும் தம்மை அறியாமலேயே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டன. பகலில் ஒரு பெரியவர் இருக்கும் வீடு. பிள்ளைக்கென ஒரு கருவி உள்ள வீடு. பாடம் புரியாதபோது திரும்பக் கேட்க ஆள் உள்ள வீடு. அப்படிப்பட்ட வீடுகள் இந்தியாவில் எத்தனை?

2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏறத்தாழ 1,400 எளிய வீட்டுக் குழந்தைகளிடம் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு, ஊரகக் குழந்தைகளில் 8 சதவீதம் பேர் மட்டுமே தொடர்ந்து இணையவழியில் படித்ததாகக் கண்டறிந்தது. 37 சதவீதம் பேர் அப்போது படிக்கவே இல்லை. அதே ஆண்டின் ‘அசர்’ அறிக்கை இன்னொரு நுட்பமான உண்மையைச் சொன்னது. நாடு முழுவதும் மாணவர்களின் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில் திறன்பேசி இருந்தது. ஆனால், அத்தகைய வீட்டுக் குழந்தைகளில் 27 சதவீதத்தினருக்குத்தான் அது எப்போதும் கைக்கு எட்டியது. 26 சதவீதத்தினருக்கு ஒருபோதும் எட்டவில்லை. எதிர்வீட்டுச் சிறுமி இவ்விரு எண்களுக்கும் இடையில் இருந்தாள். கருவியின் உடைமையும் கருவியின் பயனும் ஒன்றல்ல என்பதைப் பொருளியல் மாணவர்களுக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பறை என்னும் ஒப்பந்தம்

வகுப்பறையைப் பாடம் வழங்கப்படும் இடமாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். பாடம் வழங்குவதுதான் அதன் வேலை என்றால், தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதற்கு ஈடாகியிருக்க வேண்டும். அவை ஈடாகவில்லை. ஏனெனில், வகுப்பறை முதன்மையாக எதிர்பார்ப்புகளின் ஒப்பந்தம். காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயரைக் கூப்பிடுகிறார். பிள்ளை ‘உள்ளேன் ஐயா’ என்கிறது. தன் வருகைக்காக ஒருவர் காத்திருக்கிறார், வராவிட்டால் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்பார் என்ற அறிவு அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. பக்கத்து இருக்கைத் தோழி எழுதி முடிப்பதற்குள் தானும் எழுத வேண்டும் என்ற உந்துதல், மதிய உணவு வரிசையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து வரும் ஆசை, ‘நேற்று சொன்னது புரிந்ததா?’ என்று ஆசிரியர் முகம் பார்த்துக் கேட்கும் கேள்வி ஆகிய எல்லாம் அந்த ஒப்பந்தத்தின் உட்பிரிவுகள்.

தெருவிளக்கைப் போல் இது ஒரு பொதுச் சொத்து. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. ஆனால், தெருவிளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி ஏற்றிக்கொள்ளச் சொன்னால், வாங்க முடிந்தவர் வீட்டில் மட்டுமே வெளிச்சம் இருக்கும். 2020 மார்ச் 17 தொடங்கி 2021 அக்டோபர் முடிய, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு நேர்ந்தது இதுதான். வகுப்பறை ஒவ்வொரு வீட்டின் தனிச் சொத்தாகப் பிரிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் மீண்டும் ஒருமுறை மூடி, பிப்ரவரி 1-இல் திறந்தோம்.

நடுநிலைப் பருவத்தில் இந்த முறிவு ஏன் கூடுதல் ஆழமாகப் பதிகிறது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பாடத்தின் தன்மை. ஐந்தாம் வகுப்பு வரை எண்களைக் கையாளும் குழந்தை, ஆறாம் வகுப்பில் முழுக்களையும் இயற்கணிதத்தையும் சந்திக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுகளைக் குறியீடுகளால் எழுதும் பழக்கம் இங்குதான் தொடங்குகிறது. ஒரு படி தவறினால் அடுத்த படியில் கால் வைக்க இடமில்லை.

இரண்டாவது, வயது. பதினொன்று முதல் பதினான்கு வரையிலான பருவத்தில் பிள்ளைகள் பெற்றோர் சொல்வதைவிடத் தோழர்கள் செய்வதைப் பார்த்தே தம்மை வடிவமைத்துக்கொள்கிறார்கள். படிப்பது வழக்கமான செயல் என்பதை அவர்களுக்குக் காட்டுவது சக மாணவர் கூட்டமே. அந்தக் கூட்டம் கலைந்தபோது, வழக்கம் எது என்பதும் கலைந்தது.

மூன்றாவது, உழைப்பின் விலை. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்போம். ஆறு வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் அதன் நேரத்துக்குச் சந்தையில் விலை இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நேரத்துக்கு விலை உண்டு. பீஸ் கணக்கில் வீடு தேடி வரும் பிசிர் வெட்டும் வேலை, ஆடு மேய்த்தல், வெங்காயத் தாள் அரிதல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல் என்று அந்த நேரத்தைக் கேட்பவை பல. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டோரைப் பணியமர்த்துவதைத் தடை செய்கிறது. ஆனால், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளிக்கிறது. பள்ளி நேரம் என்ற ஒன்றே இல்லாமல் போன பத்தொன்பது மாதங்களில், நாள் முழுவதும் ‘பள்ளி நேரத்துக்குப் பிறகு’ ஆகிவிட்டது. சட்டத்தை யாரும் மீற வேண்டிய தேவையே எழவில்லை. பள்ளி மணி அடிக்காததே போதுமானதாக இருந்தது.

இதில் பெற்றோரைக் குறை சொல்வது எளிது. அது நியாயமும் ஆகாது. வேலை இழந்து, கையிருப்பு கரைந்து, வாரச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பம், பிள்ளையின் கையைப் பயன்படுத்திக்கொண்டது. படிப்பு வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்துவிடவில்லை. படிப்பு எப்போது, எங்கே, யாரால் நடக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு தவறான பாடங்கள்

அந்தக் காலத்திலிருந்து நாம் கற்றுக்கொண்டதாக எண்ணும் பாடங்களில் இரண்டு தவறானவை.

முதல் தவறு, ‘அனைவரும் தேர்ச்சி’ என்று அறிவித்ததே சீரழிவுக்குக் காரணம் என்பது. 2020 மார்ச்சில் ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி பெற்றதாகத் தமிழக அரசு அறிவித்தது. அதைத் தவிர வேறு வழி இருந்திருக்க முடியாது. பள்ளியே நடக்காத ஆண்டில் பிள்ளையைத் தேறவில்லை என்று நிறுத்துவது, மழை பெய்யாத ஆண்டில் மானாவாரி விவசாயியைக் குற்றம் சொல்வதற்கு ஒப்பாகும். இந்த விவாதம் இன்றும் நீடிக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க வழி செய்தது. எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று தமிழகம் அறிவித்தது. தமிழகத்தின் நிலைப்பாடு சரியானதே. இந்தப் பகுதியில் எட்டாம் வகுப்பில் ஓராண்டு நிறுத்தப்படும் பிள்ளை, மறு ஆண்டு வகுப்பறைக்கு வருவதைவிட கம்பெனி வேனில் ஏறுவதற்கான வாய்ப்பே அதிகம். ஆனால், நிறுத்தி வைக்க மாட்டோம் என்பதற்கு எதையும் எதிர்பார்க்க மாட்டோம் என்று பொருளில்லை. தேர்ச்சி தரும் அரசுக்கு, அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அறிந்துகொள்ளும் கடமை இரட்டிப்பாகிறது.

இரண்டாம் தவறு, எல்லோருக்கும் கருவி கொடுத்துவிட்டால் அடுத்த முறை சிக்கல் வராது என்பது. நெதர்லாந்தைப் பாருங்கள். ஏறத்தாழ எல்லா வீட்டிலும் அதிவேக இணையம் உள்ள நாடு. 2020-இல் அங்கு பள்ளிகள் மூடியிருந்தது எட்டு வாரங்களே. அங்குள்ள தொடக்கப் பள்ளி மாணவர்களைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வு, ஓராண்டுக் கற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அவர்கள் இழந்திருந்ததைக் காட்டியது. அதாவது, வீட்டில் இருந்த காலத்தில் ஏறத்தாழ எதுவும் கற்கவில்லை. கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் கூடுதல். இணைய இணைப்பு அங்கே இருந்தது. வகுப்பறை ஒப்பந்தம் இல்லை.

மீட்பு எங்கிருந்து வந்தது?

இதற்கு மாறான சான்றும் நம் கையில் உள்ளது; அதுவும் தமிழகத்திலிருந்தே கிடைத்தது. அபிஜீத் சிங், மோரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழக ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 சிறு குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் கணிதத்திலும் மொழியிலும் பெரிய இழப்பு இருந்தது. ஆனால், பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் அந்த இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அந்த மீட்பில் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் கிடைத்தது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தை நினைவுகூர்வது நல்லது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், அவர்கள் குடியிருப்பிலேயே, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் கற்பித்தார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். அங்கே திறன்பேசியோ மென்பொருளோ மையமாக இல்லை. ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஓர் அக்கா இருந்தார். அவ்வளவுதான், அதுவே வேலை செய்தது.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது நடந்த பரிசோதனை இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. ஏறத்தாழ 4,500 குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பப்பட்டன. இன்னொரு பகுதியினருக்குக் குறுஞ்செய்தியோடு, ஆசிரியர் ஒருவர் சாதாரணக் கைப்பேசியில் அழைத்து ஏறத்தாழ இருபது நிமிடங்கள் பேசினார். 2022-இல் வெளியான முடிவுகளின்படி, அழைப்பு வந்த வீடுகளில் பிள்ளைகளின் கற்றல் தெளிவாக உயர்ந்தது. குறுஞ்செய்தி மட்டும் வந்த வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. செய்தி ஒன்றுதான். அதற்குப் பின்னால் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதக் குரல் இருந்ததா என்பதே வேறுபாடு.

இன்று ஏன் பேச வேண்டும்?

மூன்று காரணங்கள் இந்த விவாதத்தை அவசரமாக்குகின்றன.

ஒன்று, மீட்பு முழுமையடையவில்லை என்பதை அரசே உணர்ந்திருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றின் அடிப்படைத் திறன்களைச் சீர்செய்யும் ‘திறன்’ திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அடிப்படைத் தேர்வு வைத்து, பின்தங்கியோரை இனங்கண்டு, தனிக் கவனம் தருவது சரியான தொடக்கம். அது வெறும் பயிற்சிப் புத்தகமாகச் சுருங்கிவிடாமல் இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு, குடும்ப வருவாயின் நிலையின்மை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அதன் அடி முதலில் விழுந்த இடங்களில் ஒன்று திருப்பூர். ஏற்றுமதி ஆணை குறைந்தால் ஷிப்ட் குறையும்; ஷிப்ட் குறைந்தால் வாரச் சம்பளம் குறையும். அந்தச் சுமையின் கடைசிக் கண்ணி எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நேரம்.

மூன்று, பள்ளி மூடல் என்பது பெருந்தொற்றோடு முடிந்துவிடவில்லை. 2024 நவம்பரில் தில்லியில் காற்று மாசு கடுமையானபோது பெரும்பாலான வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. நம் மாநிலத்தில் வெள்ளமும் புயலும் ஆண்டுதோறும் பள்ளிகளை மூட வைக்கின்றன. அடுத்த இடையூறு நாள் குறித்துக்கொண்டு வராது.

ஒரு பக்கத் திட்டம்

எனவே, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியும் ஒரே ஒரு பக்கத்தில், பள்ளி மூடும் காலத்துக்கான உடன்பாட்டை இப்போதே எழுதி, சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். அதை மாநிலத் தலைமையகம் எழுதி அனுப்பக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழு எழுத வேண்டும். தொழிற்சாலை நேரத்தில் வாழும் ஊருக்கும் கடலோர ஊருக்கும் ஒரே பக்கம் பொருந்தாது. அதில் இருக்க வேண்டியவை இவை.

முதலில், இடமும் நேரமும். நோய்த்தொற்று இல்லாத மூடல்களில், பிள்ளைகளை வகுப்புவாரியாக அன்றி, குடியிருப்புவாரியாக ஆறு அல்லது எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கலாம். கோயில் மண்டபமோ சமுதாயக் கூடமோ மரத்தடியோ, அவர்கள் கூடும் இடம் எது, மணி எத்தனை, பொறுப்பாளர் யார் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது இருவருக்குமே நல்லது. வடமாநிலத் தொழிலாளரின் குழந்தைகளும் பெயர் குறிப்பிட்டு இக்குழுக்களில் சேர்க்கப்பட வேண்டும்.

அடுத்து, குரல். கூட முடியாத காலத்தில், வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையுடனும் ஆசிரியர் இருபது நிமிடம் பேச வேண்டும்; அதுவும் கைப்பேசி வீட்டில் இருக்கும் நேரத்தில். அதாவது, இரவு எட்டரைக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை. ஆசிரியர்கள் மீது இது பெருஞ்சுமை ஆகாதா என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். கல்வி உரிமைச் சட்டம் இந்நிலையில் ஓர் ஆசிரியருக்கு 35 மாணவர் என்கிறது. முப்பத்தைந்து பேருக்கு இருபது நிமிடம் என்றால் வாரத்துக்கு 700 நிமிடங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதே சட்டம், தயாரிப்பு நேரம் உட்பட ஆசிரியரின் வார வேலை நேரமாகக் குறிப்பிடுவது 45 மணி. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இது. இரவிலும் ஞாயிறிலும் செய்யும் பணிக்கு ஈடாகப் பகலிலும் வாரநாளிலும் அவர்களுக்கு ஓய்வு தருவது நியாயம்.

மூன்றாவதாக, பிள்ளையிடம் எதிர்பார்ப்பது. அது சிறிதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பக்கம் சொந்தமாக எழுதுதல், ஒரு பக்கம் உரக்க வாசித்தல், ஐந்து கணக்குகளைச் செய்து, எப்படிச் செய்தோம் என்று வாயால் சொல்லுதல். இவை போதும். இதற்கு ஈடாகப் பள்ளி ஒரு வாக்குறுதி தர வேண்டும்: திருத்தித் திருப்பித் தர முடியாத வீட்டுப்பாடத்தைக் கேட்க மாட்டோம். பார்க்கப்படாத வீட்டுப்பாடம், படிக்காமல் இருப்பதைவிடத் தீங்கானது. தன் உழைப்பை யாரும் பார்ப்பதில்லை என்பதைப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது அதுதான்.

கடைசியாக, தாய்மார்களின் இருக்கை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆனால், வேலைநாள் பிற்பகலில் கூட்டம் வைத்தால், செக்கிங் மேசையில் நிற்கும் தாய் அதற்கு வர அரைநாள் கூலியை இழக்க வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்கு அரசுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. ஆண்டுக்குச் சில அரைநாள்களை ஊதியத்தோடு பள்ளிக்கென விட்டுக்கொடுப்பதும் நம் ஏற்றுமதியாளர்களுக்குப் பெரிய இழப்பில்லை. சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவதைவிட அது பயனுள்ள முதலீடு.

‘இப்போதுதான் எல்லா வீட்டிலும் கைப்பேசி வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்று பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கிறது என்பது உண்மைதான். அன்று பாடம் வந்தபோது கைப்பேசி வரவில்லை. இன்று கைப்பேசி வந்திருக்கிறது, பாடம் அதில் இல்லை. இரண்டு நிலையிலும் குறைவது ஒன்றே. பிள்ளையைப் பார்த்து, ‘நீ இன்று என்ன செய்தாய்?’ என்று கேட்கும் ஒருவர்.

எதிர்வீட்டுச் சிறுமியைப் பற்றி முடிப்பதற்கு முன் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. முதல் நாள் போய்விட்டு வந்தவளிடம், “பாடம் நடந்ததா?” என்று கேட்டேன். “பாடம் நடக்கலைங்கய்யா. டீச்சர் பேர் கூப்பிட்டாங்க” என்றாள். அவளுக்கு அதுவே சொல்லத்தக்க செய்தியாக இருந்தது. ஆறு வகுப்புகளில் நாள்தோறும் நடந்து, யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு சடங்கு, பத்தொன்பது மாதம் இல்லாமல் போனபின், தான் எண்ணிக்கையில் இருக்கிறோம் என்பதற்கான சான்றாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கட்டடம் மூடலாம், மணி அடிக்காமல் இருக்கலாம். பெயர் கூப்பிடுவது மட்டும் நிற்கக் கூடாது. அடுத்த முறை அது எப்படி, எந்த நேரத்தில், யார் வாயால் நடக்கும் என்பதை இப்போதே எழுதி வைப்போம்.